பத்து மணி வானம்

நெல்லிவாசல் நாடு
ஏப்ரல் 24

தேவி அப்பாவுக்கு,

திரௌபதி எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கலசப்பாக்கம் போய்ச் சேர்ந்ததும் லெட்டர் போடுகிறேன் என்றீர்கள். மூன்று வாரம் ஆகிறது. சரி, நானே முந்திக்கொள்கிறேன்.

நீங்கள் ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாமானெல்லாம் ஏற்றிய லாரியில் நான் ஏறவில்லை என்பதை உங்கள் அண்ணன் வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தீர்கள்? என்ன சொல்லியிருந்தாலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் உங்களிடம் கேட்டுத்தான் நின்றேன் என்பதை மறந்துவிடாதீர்கள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில் சரி என்றீர்கள். சரி என்றால் சரிதான்.

ஏப்ரல் ஒன்றிலிருந்து மார்ச் முப்பத்தொன்று வரை, தினமும் காலை பத்து மணிக்கு ஒரு வானம். ஒரே இடத்திலிருந்து, ஆயில் பெயின்டில், உள்ளங்கை அகல அட்டையில். ஒரு நாள்கூட விடக்கூடாது. அது முடிந்ததும் கலசப்பாக்கம் வந்துவிடுவேன். இதுதான் நம் பேச்சு.

குவார்ட்டர்ஸுக்குப் பால் கொண்டுவந்த தீர்த்தகிரி தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். அவர் சம்சாரம் பாஞ்சாலை நல்ல மாதிரி. முதல் நாள் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னா அக்கா, வானத்தையே மொறச்சிப் பாத்துனு கீற, இன்னா தப்பு பண்ணுச்சி அது?" என்று கேட்டாள். இங்கே டவர் கிடையாது. பின்னால் இருக்கிற பாறையில் ஏறினால் ஒரு கோடு வரும். தேவியிடம் இரண்டு நிமிடம் பேச இருபது நிமிடம் கத்த வேண்டும். அதோடு, போனில் நீங்கள் 'ம்' என்பதற்கு மேல் பேசியதில்லை. லெட்டரிலாவது பேசுங்கள்.

இதோடு ஏப்ரல் இரண்டாம் தேதி வானத்தை வைத்திருக்கிறேன். ஆயில் பெயின்ட் காய மூன்று வாரம் பிடிக்கும். அதனால் உங்களுக்கு வருகிற வானம் எப்போதும் பழைய வானமாகத்தான் இருக்கும். வெண்ணெய்த்தாளை மெதுவாக உரியுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
திரௌபதி

*

கலசப்பாக்கம்
மே 6

அன்புள்ள திரௌபதிக்கு,

பாண்டுரங்கன் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் சௌக்கியம். இடுப்பு வலி பரவாயில்லை. உன் உடல்நிலைக்கு எழுதவும்.

வீடு முடிந்துவிட்டது. சமையல் மேடை நீ நின்று வேலை செய்ய வசதியான உயரத்தில் கட்டியிருக்கிறேன். மாடியில் இரண்டு ரூம். கீழே ஒன்று. கிரகப்பிரவேசத்தை நீ வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்கிறார். அதற்குப் பதினோரு மாதம் இருக்கிறதே என்று அண்ணி கேட்டார்கள். அதுவரை நான் மட்டும் அங்கே படுத்துக்கொள்கிறேன்.

முப்பத்தாறு வருஷம் ராத்திரியில் டெலஸ்கோப்போடு இருந்தவனுக்கு இப்போது ராத்திரியில் தூக்கம் வரவில்லை. பகலில் வருகிறது. பகலில் தூங்கினால், "பாண்டு இன்னாடா, எருமை மாரி தூங்கினு கீற," என்கிறார் அண்ணன்.

படம் வந்தது. வானம் பச்சையாக இருக்கிறது. நான் வானத்தைப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்கினவன். பச்சை வானத்தைப் பார்த்ததில்லை. பெயின்ட் தீர்ந்துவிட்டதா? வேலூருக்கு யாராவது போனால் வாங்கி அனுப்பச் சொல்கிறேன்.

ஒரு வருஷம் என்பது அதிகம் என்று தோன்றுகிறது. ஆறு மாதம் போதாதா? யோசிக்கவும்.

இப்படிக்கு,
பாண்டுரங்கன்

*

நெல்லிவாசல் நாடு
மே 25

தேவி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் ஆபீஸ் மெமோ மாதிரி இருந்தாலும் வந்ததில் சந்தோஷம். நான் நலம். வெயிலில் தலைவலி மட்டும் வந்து போகிறது.

பெயின்ட் தீரவில்லை. அன்றைக்கு வானம் பச்சையாகத்தான் இருந்தது. கண்ணுக்கு இல்லை, எனக்கு. கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அது நீலமாக இருப்பதை நிறுத்திவிடும். அதற்கப்புறம் எந்த நிறமாகவும் போகும். சில நாள் காவி. சில நாள் கத்தரிப்பூ. போன வாரம் ஒரு நாள் பால் திரிந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதைப் போட்டு முடிக்கும்போது நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. பாஞ்சாலை வந்து தோளைத் தொட்டபோது, நான் எங்கிருந்தோ கீழே இறங்கி வந்தேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். கூழ் ஆறிப்போய் ரொம்ப நேரம் ஆச்சு என்றாள்.

இந்த டியூபெல்லாம் எப்படி வந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது. பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த பெங்களூர் அம்மா மாற்றலாகிப் போகும்போது டப்பாவோடு கொடுத்துவிட்டுப் போனார்கள். தேவி அப்போது நாலாவது படித்தாள். கற்றுக்கொடுக்க யாருமில்லை. முதலில் மண்ணெண்ணெயில் கலந்து எல்லாவற்றையும் பாழாக்கினேன். ஆளி விதை எண்ணெய் வேண்டும் என்று தெரியவே இரண்டு வருஷம் ஆயிற்று. நீங்கள் அந்த வாசனைக்கு முகம் சுளிப்பீர்கள் என்று பின்கட்டில் வைத்துத்தான் போடுவேன்.

ஆறு மாதம் போதாது. ஒரு வருஷம்தான்.

இதோடு மே நாலாம் தேதி. மூலையில் இருக்கும் கறுப்பு, கோடை மழைக்கான மேகம். வராமலே போய்விட்டது.

வெயிலில் அலையாதீர்கள்.

திரௌபதி

*

கலசப்பாக்கம்
ஜூன் 20

அன்புள்ள திரௌபதிக்கு,

நலம். நலம் எழுதவும்.

ஒரு விஷயம் தெரிவிக்க வேண்டியது. நான் மறுபடி டைரி எழுத ஆரம்பித்திருக்கிறேன். வேலையில் இருந்தபோது ராத்திரி வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எட்டில் எத்தனை பங்கு மேகம் என்று எழுதுவோம். பூஜ்யம் என்றால் நல்ல வானம். எட்டு என்றால் டெலஸ்கோப் கோபுரத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இப்போது அதையே காலை பத்து மணிக்கு எழுதுகிறேன். அதற்காக விழித்திருக்க வேண்டியிருக்கிறது. கஷ்டமாக இருந்தாலும் மாடிக்குப் போய்விடுகிறேன். இங்கிருந்து நீ இருக்கும் மலை நன்றாகத் தெரிகிறது. மலைக்கு மேலே இருப்பதைத்தான் குறிக்கிறேன்.

மே 12-ம் தேதிப் படத்தைத் தேவியிடம் கொடுத்தனுப்பினாயே, அதை டைரியோடு வைத்துப் பார்த்தேன். டைரியில் மூன்று. உன் படத்திலும் மூன்று பங்குதான் மேகம். தெற்கு மூலையில் திரண்டிருந்தது, நீயும் அங்கேதான் போட்டிருக்கிறாய். அதற்குச் சிவப்பு அடித்திருக்கிறாய், அது வேறு விஷயம். நிறம் உன் இஷ்டம், மேகக் கணக்கு சரி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

பகல் பத்து மணிக்கு வெளிச்சம் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் சிரிப்பாய்.

மேகமே இல்லாத வானமாக ஒன்று அனுப்பவும். அதைப் பார்த்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்கு நிம்மதியாக இருக்கும். ஆடிக்கு வந்துவிட்டுப் போகலாமே.

பாண்டுரங்கன்

*

நெல்லிவாசல் நாடு
ஜூலை 28

தேவி அப்பாவுக்கு,

சிரித்தேன். பாஞ்சாலையிடமும் சொல்லிச் சிரித்தேன். "பாவம் அக்கா அந்த மன்சன், இத்தினி வருசம் பகலே பாக்காம கீறாரு," என்றாள். அவள் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நான் நன்றாக இருக்கிறேன். உங்களுக்குத் தூக்கம் எப்படி? வெந்நீரில் குளித்துவிட்டுப் படுங்கள்.

ஆடிக் காற்று தொடங்கிவிட்டது. அட்டையைக் கல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் போடுகிறேன். இங்கே சாமை முழங்கால் உயரம் வந்திருக்கிறது. மேகத்தின் நிழல் அந்தச் சரிவில் இறங்கிப் போவதைப் பார்த்தீர்களானால் உங்கள் எட்டுப் பங்குக் கணக்கை மறந்துவிடுவீர்கள். மேகம் மேலே போகிறதா, நிலம் கீழே போகிறதா என்று தெரியவில்லை. நேற்று நான் உட்கார்ந்திருந்த இடமே நகர்ந்து போவது போல இருந்தது. பயமில்லை. எங்கேயாவது கொண்டுபோய் விடட்டும் என்று விட்டுவிட்டேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காண்பது இந்த மாதத்தில்தான் நன்றாக வருகிறது.

மேகமில்லாத வானம் கேட்டீர்கள். அது ரொம்பக் கஷ்டம். அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஏழெட்டு வானம் அப்படிப் போட்டிருக்கிறேன். எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கு எதற்கு அதில் இவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும், நல்லபடியாக வேலை நடக்கும். எனக்கு எதற்கு அது ஆகாது என்று நீங்கள் கேட்டதில்லை.

ஆடிக்கு வரவில்லை. இந்த மாதத்து வானத்தை விட்டுவிட்டு வர மனசில்லை. ஜூலை ஐந்தாம் தேதி வானம் இதோடு இருக்கிறது. உங்கள் டைரியில் என்ன இருக்கிறது?

திரௌபதி

*

கலசப்பாக்கம்
செப்டம்பர் 3

அன்புள்ள திரௌபதிக்கு,

ஜூலை 5 டைரியில் ஆறு. உன் படத்திலும் ஆறு. சரி.

கல்யாணம் காட்சி என்று போகிற இடத்திலெல்லாம் "சம்சாரம் எங்கே" என்று கேட்கிறார்கள். முழங்கால் வலி, மலையில் வைத்தியம் பார்க்கிறாள் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். உண்மையைச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது. எனக்கே புரிகிறதா என்று தெரியவில்லை. அறுபது வயதில் ஒருத்தி புருஷனையும் புது வீட்டையும் விட்டுவிட்டு, தினம் ஓர் அட்டையில் வானம் போடுகிறாள் என்பதை எந்த வாயால் சொல்வது?

உன் சமையலறையில் இதுவரை யாரும் அடுப்பு பற்ற வைக்கவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது.

தீபாவளிக்குக் கட்டாயம் வரவேண்டும். தேவியும் கண்ணமங்கலத்திலிருந்து வருகிறாள். உன் உடம்பு எப்படி என்று எழுதவும்.

பாண்டுரங்கன்

*

நெல்லிவாசல் நாடு
நவம்பர் 12

தேவி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. தீபாவளிக்கு வர முடியாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும். வேறொன்றுமில்லை. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே மழை அதிகமில்லை.

நீங்கள் ஆசைப்பட்ட மாதிரி மேகமில்லாத வானம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அக்டோபர் 24.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரௌபதி

*

கலசப்பாக்கம்
நவம்பர் 18

அன்புள்ள திரௌபதிக்கு,

உன் கடிதமும் நீல வானமும் இன்று காலை வந்தன. பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். பூஜ்யம், நல்ல வானம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் வழக்கம்போல டைரியைப் புரட்டினேன்.

அக்டோபர் 24. காலை பத்து மணி. மலைக்கு மேலே எட்டு. மலையே தெரியவில்லை. இங்கே ஒரு துளி விழவில்லை, ஆனால் செய்யாற்றில் இரு கரையும் தொட்டுச் செம்மண் தண்ணீர் போயிற்று. ஊரே பாலத்தில் நின்று பார்த்தது, நானும் நின்றேன். வானம் இங்கே காய்ந்து கிடக்க ஆறு நிரம்பி வந்தால் அது மலையில் பெய்த மழை. ஜமுனாமரத்தூர் பஸ் கண்டக்டர்கூட அன்று, "மூணு நாளா ஊத்துது சார், நெல்லிவாசல் பக்கம் ஜீப்பே போவல," என்றான். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

நீ வானத்துக்குச் சிவப்பு அடிப்பாய், பச்சை அடிப்பாய். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட இல்லாத மேகத்தைப் போட்டதில்லை, இருந்த மேகத்தை விட்டதில்லை. அன்று நீ வானத்தைப் பார்க்கவில்லை, திரௌபதி. பார்க்க முடியாத நிலையில் இருந்திருக்கிறாய்.

பதில் எழுத வேண்டாம். கிளம்பிவிட்டேன். இதைப் போளூர் பஸ் ஸ்டாண்டில் பெட்டியில் போடுகிறேன்.

பாண்டுரங்கன்

*

நெல்லிவாசல் நாடு
டிசம்பர் 10

தேவி அப்பாவுக்கு,

போளூரில் போட்ட உங்கள் கடிதம், நீங்கள் வந்து சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போனதற்கு மறுநாள் என் கைக்கு வந்தது. அது முன்னாலேயே வந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேனோ என்னவோ. படித்துவிட்டு அழுதேன். இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இப்போது நான் நன்றாக இருக்கிறேன், நிஜமாகவே. ஒன்பது நாள் காய்ச்சல். மழை விட்ட பிறகுதான் தீர்த்தகிரி ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எழுந்து உட்கார முடியாத நாளிலும் தேதி விட்டுப்போகக் கூடாது என்று பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு அட்டை முழுக்க நீலத்தைத் தேய்த்துவைத்தேன். ஒன்பது அட்டை. ஒரே நீலம். அதிலிருந்துதான் ஒன்றை உங்களுக்கு அனுப்பினேன். உங்களுக்குப் பிடிக்கும், கவலைப்பட மாட்டீர்கள் என்று.

நீங்கள் வந்த அன்று எனக்குத் தெரியும், பின்னால் ரொம்ப நேரம் நின்றீர்கள். ஒரு மேகத்தைப் பாதியில் விட முடியாமல் நான் திரும்பவில்லை. திரும்பியபோது நீங்கள் உள்ளே போயிருந்தீர்கள். "கெளம்பு, வண்டி வெச்சிருக்கேன்," என்றீர்கள். வார்த்தை முடிவதற்குள் என் அட்டைகளை எடுத்து முகத்தோடு முகம் வைத்து அடுக்கி, சாக்குக் கயிற்றில் இறுக்கிக் கட்டிவிட்டீர்கள். பத்திரமாகக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் கட்டினீர்கள், அது எனக்குத் தெரிகிறது. ஆனால் அவை காயாத அட்டைகள். மூன்று வாரம் காய வேண்டும் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். பதினொரு வானம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிற்று. பிரித்தபோது ஒன்றின் வெள்ளை இன்னொன்றின் முகத்தில் அப்பியிருந்தது. அப்போதுதான் உங்களைப் போகச் சொன்னேன். நம் கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் உங்களிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான் முதல் தடவை. பாஞ்சாலை வீட்டில் கோழியெல்லாம் பறந்தது.

எதற்கு அவ்வளவு சத்தம் போட்டேன் என்று கேளுங்கள்.

நீங்கள் விடிந்ததும் வேலையிலிருந்து வந்து படுப்பீர்கள். மத்தியானம் இரண்டு மணி வரை வீட்டில் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது. குக்கர் வைக்க மாட்டேன். ரேடியோ கிடையாது. எதிர்வீட்டு அம்மியில் போய் அரைப்பேன். தேவி தவழும்போது கொலுசைக் கழற்றி வைத்தேன். அவள் அழுதால் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவேன். யாரிடமும் பேச முடியாது, பாட முடியாது, வாய்விட்டுத் தும்ம முடியாது. பத்து மணிக்கு வேலையெல்லாம் முடிந்துவிடும். அதற்கப்புறம் நாலு மணி நேரம் என்ன செய்வது? சத்தம் வராத வேலை ஒன்று வேண்டும். பெயின்ட் சத்தம் போடாது, வானமும் போடாது. அதனால்தான் போட ஆரம்பித்தேன். ஆசையில் இல்லை, வேறு வழியில்லாமல். அப்புறம் அதுவே ஆசையாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேகமில்லாத வானம் எனக்கு ஏன் ஆகாது தெரியுமா? சாயங்காலம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் நீங்கள் வேலைக்குப் போவீர்கள், மறுநாள் பகல் முழுக்கத் தூங்குவீர்கள். மேகம் வந்தால்தான் ராத்திரியில் மனிதர்கள் மாதிரி தூங்கி, பகலில் எழுந்து எனக்குக் கிடைப்பீர்கள். ஆடி, ஆவணியில் கோபுரத்தை மூடி வைப்பார்களே, அந்த இரண்டு மாதம்தான் எனக்குக் குடித்தனம். எட்டில் எட்டு மேகம் என்றால் உங்களுக்கு நாசம். எனக்கு அன்றைக்கு நீங்கள் வீட்டில் இருப்பீர்கள்.

இப்போது நீங்கள் ரிடையர் ஆகிவிட்டீர்கள். புது வீட்டில் கீழே ஒரு ரூம் என்று எழுதினீர்கள். அது பகலில் நீங்கள் தூங்குவதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். மறுபடி நான் சத்தம் போடாமல் நடக்க வேண்டும். மார்ச் முடிந்ததும் வருவேன் என்று சொன்னேன். வருவேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. உங்கள் மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

மழைக்குப் பிறகு இங்கே குளிர் அதிகம். அங்கே போர்த்திக்கொண்டு படுங்கள்.

திரௌபதி

*

கலசப்பாக்கம்
ஜனவரி 30

அன்புள்ள திரௌபதிக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

ஏழு வாரமாகப் பதில் எழுதவில்லை. கோபத்தில் இல்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் எல்லாம், நான் குடும்பத்துக்காகத்தான் உழைத்தேன் என்று இருந்தது. அது உண்மைதான். ஆனால் நீ கேட்டது அதை இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள் ஒன்று செய்து பார்த்தேன். விடிந்ததிலிருந்து இரண்டு மணி வரை இந்த வீட்டில் ஒரு சத்தமும் வராமல் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். குழாயைத் திறக்கவில்லை. நாற்காலியை இழுக்கவில்லை. கதவுத் தாழ்ப்பாளைத் துணி வைத்துப் பிடித்துத் திறந்தேன். இருமல் வந்தது, தலையணையில் முகத்தை வைத்து இருமினேன். பத்து மணிக்கே பொழுது போகவில்லை. பதினொன்றரைக்குக் கை தவறி ஒரு தட்டு விழுந்தது. தனி வீடு, யாருமில்லை, என்னை அதட்ட ஆளில்லை. இருந்தும் உடம்பெல்லாம் ஆடிப்போய்விட்டது. அந்தத் தட்டு உருண்டு உருண்டு நிற்கும் வரை அப்படியே நின்றேன். அதற்கப்புறம் தொடர முடியவில்லை. ஒரு நாளைக்கூட என்னால் முடிக்க முடியவில்லை, திரௌபதி. தேவி தவழ்ந்த போது நீ எத்தனை நாள் அப்படி நின்றிருப்பாய்.

ஆடி மாதத்தில் கோபுரத்தை மூடிவிட்டார்களே என்று நான் வீட்டில் உட்கார்ந்து மேகத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன். நீ பாடிக்கொண்டே அதிரசம் சுடுவாய். எனக்கு வேலை கெட்டுக் கிடக்கிறது, இவளுக்கு என்ன இவ்வளவு கொண்டாட்டம் என்று எரிச்சலாக வரும். அது என்னால் வந்த கொண்டாட்டம் என்று எனக்கு இத்தனை வயதில் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது.

ஒட்டிப்போன பதினொரு வானத்துக்கும் நான் என்ன செய்தாலும் ஈடாகாது. அந்தத் தேதிகளுக்கு டைரியில் இருப்பதை எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன். மேகம் எத்தனை பங்கு, எந்தப் பக்கம், காற்று எப்படி என்று. அது படமாகாது. என்னிடம் இருப்பது அதுதான்.

இரண்டு வாரமாக ராத்திரி தூங்குகிறேன். மாத்திரை இல்லாமல். முதலில் நாலு மணி நேரம் வந்தது, இப்போது ஆறு. பகலில் அண்ணனோடு ஆற்றுப்பக்கம் நடக்கிறேன். அவர் ஓயாமல் பேசுகிறார், காது வலிக்கிறது. நல்லதுதான்.

நீ மார்ச் முடிந்து இங்கே வர வேண்டாம். இந்த வீட்டைக் கட்டும்போது உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரியில் சாமானை ஏற்றும்போதும் கேட்கவில்லை. அன்று அட்டையைக் கட்டும்போதும் கேட்கவில்லை. அதனால் இப்போது கேட்கிறேன். நான் அங்கே வந்து உன்னோடு இருக்கலாமா? நீ வேண்டாம் என்றால் வரமாட்டேன். வேண்டாம் என்று எழுத உனக்குச் சங்கடமாக இருந்தால், எழுதாமலே விட்டுவிடு. புரிந்துகொள்கிறேன்.

உன்,
பாண்டுரங்கன்

*

நெல்லிவாசல் நாடு
பிப்ரவரி 9

தேவி அப்பாவுக்கு,

நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று இங்கே எல்லாரும் வேண்டிக்கொள்கிறோம். எல்லாரும் என்றால் நானும் பாஞ்சாலையும்.

உங்கள் கடிதம் இன்று காலை ஒன்பதரைக்கு வந்தது. அட்டையை எடுத்து வைத்திருந்தேன், வெள்ளையும் காவியும் பிழிந்து வைத்திருந்தேன். படித்துவிட்டுப் போடலாம் என்று பிரித்தேன். படித்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். 'வந்து உன்னோடு இருக்கலாமா' என்ற இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது என்று தோன்றியது. சாப்பாடு ஆச்சா, சாவி எங்கே என்பதையெல்லாம் நான் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் பாஞ்சாலையிடம் படித்துக் காட்டினேன். தட்டு விழுந்த இடத்தில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, வரச் சொல்லு அக்கா. சத்தம் பத்தி கவலப்பட வேணாம், எங்க வூட்டுச் சத்தமே போதும் அவருக்கு," என்றாள். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஏதோ பேசினோம். கல்யாணமான புதிதில் நீங்கள் எனக்கு டெலஸ்கோப்பில் சனியின் வளையத்தைக் காட்டியதைச் சொன்னேன். சொல்லிக்கொண்டே எங்கேயோ போய்விட்டேன். வெயில் சாய்ந்தது, சாமைத் தாள் வாசனை வந்தது, பசுவை அவிழ்க்கப் பாஞ்சாலை எழுந்து போனாள். நிமிர்ந்து பார்த்தபோது மேற்கே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

பத்து மணி எப்போது வந்தது, எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூட ஒரு நாள் விட்டதில்லை. இன்றைக்கு விட்டுப்போயிற்று. இன்றைக்கு மேலே மேகம் இருந்ததா, இல்லையா, எத்தனை பங்கு, எதுவும் நான் பார்க்கவில்லை. இந்தக் கவரில் அட்டை இல்லாததற்குக் காரணம் அதுதான். பிப்ரவரி ஒன்பதாம் தேதிக்கு என்னிடம் வானம் இல்லை.

வாருங்கள். மார்ச் வரை காத்திருக்க வேண்டாம்.

திரௌபதி